சிப்பி வாடை அடிக்கும் சொல்

“சுங் நிங், உன் பேச்சுல சிப்பி வாடை அடிக்குது!”

வென் டீச்சர் இப்படிச் சொன்னதும் ஐந்தாம் வகுப்பு மொத்தமும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பெய் ஹாவ் எழுந்து போய் ஜன்னலையே திறந்துவிட்டான்.

கையில் தாளோடு நின்ற நிங்குக்குக் காதுகள் சூடேறின.

வெள்ளிக்கிழமை பள்ளி விழா. திரையில் படம் ஓடும்போது, ‘தாலியன் - ஒரு பார்வை’ என்று தங்கள் சீனத் துறைமுக நகரத்தைப் பற்றி ஒருவர் மேடையில் படிக்க வேண்டும். பள்ளியிலேயே உரத்த குரல் நிங்குடையது என்பதால் அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவள் படிப்பதைக் கேட்க, அம்மாவும் அப்பாவும் அன்று அரை நாள் விடுப்பு வாங்கியிருந்தார்கள். அதற்கு முன் பள்ளி விழாவுக்கு அவர்கள் வந்ததே இல்லை.

சிக்கல் ஒரே ஒரு சொல்லில்தான் இருந்தது. மனிதர், மக்கள் என்று சொல்லச் சீன மொழியில் ‘ரென்’ என்று ஒரு சொல். பாடப் புத்தகத்திலும் தொலைக்காட்சியிலும் அது ‘ரென்’. தாலியன்காரர் வாயில் மட்டும் ‘யின்’. மீன் விற்பவருக்கும் யின்தான், பேருந்து ஓட்டுபவருக்கும் யின்தான். இந்தப் பேச்சைத்தான், பள்ளியில் ‘ரென்’ பழகிக்கொண்டவர்கள் சிப்பி வாடை என்று கேலி செய்வார்கள்.

“நாக்கை மேல மடிச்சுச் சொல்லு. ரென்.”

“யின்.”

“ரெ...ன்!”

“ய்ய்... யின்.”

“பூண்டு தேய்ச்சா வாடை போயிடும் டீச்சர்!” என்றான் பெய் ஹாவ்.

நிங் அவன் பக்கம் திரும்பினாள். “நேத்து ரெண்டு கிண்ணம் சிப்பிக் கஞ்சி குடிச்சியே, அப்ப உன் மூக்கு எங்க போச்சு?”

மாலையில் வீட்டில் அம்மாவிடம் பழகிப் பார்த்தாள். அம்மா மீன் சந்தையில் சிப்பி உடைப்பவள். குளிரில் விரல்கள் வெடித்து, ஒவ்வொரு விரலிலும் பிளாஸ்திரி சுற்றியிருக்கும்.

“ர்ர்ர்ர்...” என்று அம்மா நாக்கை மடித்தாள்.

“யாரு வீட்டுக்குள்ள பைக் ஓட்டுறது?” என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார் அப்பா.

மூவரும் சிரித்தார்கள். ஆனால் ‘ரென்’ வரவில்லை.

மறுநாள் வென் டீச்சர் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். சிவப்புப் பேனாவால் தாளில் ‘ரென்’ வந்த ஏழு இடங்களையும் அடித்துவிட்டு, வாக்கியங்களை வேறு மாதிரி எழுதிக் கொடுத்தார். நிங் ஒரு தடங்கலும் இல்லாமல் படித்தாள்.

“பிரமாதம்! துளி வாடை இல்ல,” என்று டீச்சர் கைதட்டினார்.

அன்று வீட்டில் மீன் கொழுக்கட்டை. நிங் நாற்காலி மேல் ஏறி நின்று படித்துக் காட்டினாள்.

“மூன்று பக்கம் கடல் சூழ்ந்த நகரம் தாலியன். இதன் துறைமுகம் குளிர்காலத்திலும் உறைவதில்லை. கப்பல்கள் வருகின்றன. பெட்டிகள் இறங்குகின்றன. சுவையான சிப்பிகள் திறக்கின்றன...”

அப்பாவின் வாய்க்குப் போன கொழுக்கட்டை பாதியில் நின்றது. கப்பல்களில் வரும் பெரிய பெரிய கன்டெய்னர் பெட்டிகளின் இரும்புக் கட்டுகளை அவிழ்ப்பது அவர் வேலை. காற்று ஆளையே தள்ளும் உயரத்தில், தன்னைவிட நீளமான கம்பியைத் தூக்கிக்கொண்டு நிற்பார்.

“பெட்டி தானாவே இறங்குதா?” என்றார். “நல்லதாப் போச்சு. நாளைக்கு நான் வீட்டுல தூங்குறேன்.”

“சிப்பியும் தானாத் திறக்குதாமே,” என்று அம்மா தன் விரல்களைப் பார்த்துச் சிரித்தாள். “இது தெரியாம நான் கத்தியத் தூக்கிட்டு அலையறேன்.”

நிங் சிரிக்கவில்லை. தாளை மறுபடி பார்த்தாள். கடல் இருக்கிறது, கப்பல் இருக்கிறது, கிரேன் இருக்கிறது. ஓர் ஆள்கூட இல்லை. இவ்வளவு பெரிய ஊரில் ஒருவர்கூட இல்லையா? அவளுக்குக் கொழுக்கட்டை இறங்கவில்லை. அவ்வளவு கோபம்.

வியாழக்கிழமை வகுப்பு தொடங்கியதும் டீச்சரின் மேசை மேல் தாளை வைத்தாள்.

“அடிச்ச ஏழு சொல்லையும் திரும்பப் போடுங்க டீச்சர்.”

“உனக்குத்தான் அது வாயில வரலையே?”

“அப்போ பெய் ஹாவ் படிக்கட்டும். அவனுக்கு வருது. நான் மேடை ஏறலைன்னா பரவாயில்ல. எங்க அப்பாவ அடிக்காதீங்க. எங்க அம்மாவையும் அடிக்காதீங்க.”

“உங்க அப்பா அம்மாவ நான் எங்க அடிச்சேன்?”

“சிவப்புப் பேனாவால அடிச்சீங்க. பெட்டி தானா இறங்குதுன்னு எழுதியிருக்கீங்க. அது பொய்!”

டீச்சரின் முகம் சிவந்தது. மேசையைத் தட்டினார். “உனக்கு என்ன தெரியும்? அந்த மண்டபத்துல ஐந்நூறு யின் உட்கார்ந்திருப்பாங்க!”

டீச்சர் வாயிலிருந்தும் ‘யின்’!

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். எங்கிருந்தோ ‘க்ளுக்’ என்று ஒரு சிரிப்பு கேட்டது. பெய் ஹாவின் கை மெல்ல ஜன்னலை நோக்கி நீண்டது.

“ஜன்னலத் தொடாத பெய் ஹாவ்,” என்றாள் நிங். “குளிருது.”

அவன் கை பின்வாங்கியது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

வென் டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். “என் வீடும் மீன் சந்தைக்குப் பின்னாடிதான் இருந்துச்சு,” என்றார் மெதுவாக. “காலேஜ்ல நாலு வருஷம் சிரிச்சாங்க. வாயில பேனாவ வெச்சு நாக்க வளைச்சேன். போயிடுச்சுன்னு நினைச்சேன். கோபம் வந்தா வந்துடுது.”

“எனக்கு எப்பவுமே வருது டீச்சர்.”

டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிவப்புப் பேனாவை எடுத்தார். அடித்த ஏழு இடங்களிலும் அந்தச் சொல்லை மறுபடி எழுதினார். தாளை நீட்டினார்.

“நீயே படி.”

“வாடையோடவா டீச்சர்?”

“வாடையோடதான்.”

வெள்ளிக்கிழமை மண்டபம் நிரம்பிவிட்டது. முன்வரிசையில் கோட்டு போட்ட பெரியவர்கள். துறைமுகத்திலிருந்தும் சந்தையிலிருந்தும் வந்தவர்கள் கடைசி வரிசைகளில், வேலை உடுப்போடு.

நிங் மைக்கைப் பிடித்தாள். “கப்பல்கள் வருகின்றன. உயரத்தில் ஏறி, கட்டவிழ்த்து, பெட்டிகளை இறக்குபவர்கள் எங்கள் யின்!”

முன்வரிசையில் ஒருவர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார். நிங் படிப்பதை நிறுத்தினாள். ஓரமாக நின்ற வென் டீச்சர், படி படி என்று தலையசைத்தார்.

“கொட்டும் பனியில் சிப்பி உடைப்பவர்கள் எங்கள் யின்!”

“ஆமா, நாங்கதான்!” என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. அது அம்மாவின் குரல்.

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. இந்தச் சிரிப்பில் யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை. நிங் அது அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு மிச்சமிருந்த ஐந்தையும், ஒன்றைக்கூட விடாமல், உரக்கப் படித்தாள்.

சனிக்கிழமை காலை. வெளியே பனிக்காற்று வீசியது. அப்பா பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்கு ஒரு நாள் தூங்கேன்,” என்றாள் அம்மா.

“எப்படித் தூங்குறது?” என்றார் அப்பா. “பெட்டி தானா இறங்காதாம். ஐந்நூறு பேர் முன்னாடி நம்ம பொண்ணு மைக்ல சொல்லிட்டாளே.”