கழுத்தோரம் இரண்டு சொட்டு

அரிக்கிறது என்றால் ஆறுகிறது என்றுதான் அர்த்தம்... இன்னும் கொஞ்ச நாள்தான். மூன்று வருடமாக அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். மழைக்கு ஒதுங்கி அந்த மருந்துக் கடையில் ஏறியபோதும் கை தானாகக் கழுத்தைச் சொறிந்தது. வைட்டமின் இ எண்ணெயும் தீர்ந்துவிட்டது, அதையும் வாங்கிக்கொண்டு போகலாம்.

வழக்கமான பெரியவர் இல்லை. கண்ணாடி போட்ட ஒரு புது மருந்தாளுநன் நின்றிருந்தான். அவனிடம் எண்ணெய் கேட்டாள்.

"முடிக்கா, தோலுக்கா?"

"நான் பார்லர்ல வேலை செய்றேன். ரெண்டுக்கும்தான்."

"முடி நுனிக்குன்னா தேங்காய் எண்ணெயில ரெண்டு சொட்டு போதும். வறண்ட தோலுக்கும் அப்படித்தான். தழும்புக்குன்னா..." அவன் தயங்கினான். நனைந்த துப்பட்டா கழுத்திலிருந்து நழுவியிருப்பதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். "இதுல தழும்பு போகாதுங்க. சிலருக்கு ஒத்துக்காது, அரிக்கும்."

அவளுக்குச் சுருக்கென்றது.

"சரக்கை இப்படி வித்தா கடை உருப்பட்ட மாதிரிதான்."

"கடை கிடக்கட்டும். கழுத்து உருப்படட்டும்."

அவள் எதுவும் வாங்காமல் மழையில் இறங்கி நடந்தாள்.

பார்லர் அவள் அக்காவுடையது. அக்காவின் கை தவறித்தான் சூடான மெழுகு அவள் கழுத்தில் கொட்டியது. அன்றிலிருந்து அக்கா தினமும் எண்ணெய் தடவிவிட்டு, "மங்கிட்டே வருதுடி" என்பாள். அவளும் தலையாட்டுவாள். இருவரும் சேர்ந்து பொத்திப் பொத்தி வளர்த்த பொய்யை, எவனோ ஒருவன் போகிற போக்கில் உடைத்துவிட்டானே...

வீம்புக்கு வேறு கடையில் வாங்கிப் பூசினாள். கழுத்து சிவந்து தடித்த பிறகுதான் நிறுத்தினாள். நாலாம் நாள், ஒரு பெண்ணுக்குப் புருவம் திருத்திக்கொண்டிருந்தபோது, காலையிலிருந்து ஒருமுறைகூடச் சொறியவில்லை என்பது உறைத்தது. பல்லில் கடித்திருந்த நூல் நழுவியது. கண் நிறைந்துவிட்டது.

நன்றி சொல்லத்தான் போனாள். சொல்லாமல் பஞ்சு வாங்கி வந்தாள். தலைவலியே வராதவள் தலைவலி மாத்திரை வாங்கினாள். மூன்றாம் முறை அவனே கேட்டான்.

"கழுத்து எப்படி இருக்கு?"

"உருப்பட்டுச்சு. தழும்பு அப்படியேதான் இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்..." அவன் மாத்திரை அட்டைகளை அடுக்கிக்கொண்டே, நிமிராமல் சொன்னான். "திட்டும்போதுகூட உங்க கண்ணு சிரிச்சுது. அதைப் பார்த்ததுலேர்ந்து எனக்கு மருந்துப் பேரெல்லாம் மறந்து போகுது. எங்க அம்மாவைக் கூட்டிட்டு வரட்டுமா?"

வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. அவள் துப்பட்டாவைச் சரிசெய்ய மறந்து நின்றாள்.

"வாங்க. அக்காகிட்ட சொல்லி வைக்கிறேன்... உங்களுக்கு நன்றியும் சொல்லணும். அது பாக்கி இருக்கு."

ஞாயிற்றுக்கிழமை. அவர்கள் வரும் நேரம். அக்கா பிரஷ்ஷும் ஃபவுண்டேஷனுமாக வந்து நின்றாள்.

"ஒரே ஒரு பூச்சுடி. அவங்க அம்மா கண்ணுக்குத் தெரியவே தெரியாது. என்னால வந்த வினை, உன் கல்யாணத்துக்குக் குறுக்க நிக்க வேணாம். எனக்காக..."

பிரஷ் கழுத்தருகே வந்தது. அன்று மெழுகைக் கொட்டியது இந்தக் கைதான். மூன்று வருடம் ஒரு நாள் தவறாமல் எண்ணெய் தடவியதும் இதே கைதான். அவள் அந்தக் கையை எடுத்து, மூடாத தன் கழுத்தில் ஒரு கணம் வைத்துக்கொண்டாள்.

"வேணாம்க்கா" என்றாள், மெதுவாக.