குங்குமத்துக்குக் கீழே மூன்று எண்கள்

செந்தில்நாதனின் போன் அதிர்ந்தது.

'பீரோ திறக்கப்பட்டது. பிற்பகல் 3:42.'

திறந்தது அவன் இல்லை... அவன் நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஷிப்டில் இருந்தான்!

மைசூருக்கு ஓடி வந்தான். பின்கதவு திறந்து கிடந்தது. மனைவியின் நாற்பது பவுன் நகை இல்லை.

அவள் பிரசவத்துக்குக் கொள்ளேகால் போயிருந்தாள். பண்டிகைக்குத் துணையாக வந்திருந்த அவள் அண்ணன் அய்யாவு, தசரா ஊர்வலம் பார்த்துவிட்டு இப்போதுதான் திரும்பியதாகச் சொன்னார்.

பீரோ பூட்டு செந்திலே செய்தது. மலிவான ஒரு சர்க்யூட் போர்டு, ஒரு குட்டி மோட்டார். வீட்டு வைஃபையில் இருக்கும் எந்த போனிலிருந்தும் ஆறு எண்களைப் போட்டால், மோட்டார் தாழ்ப்பாளை இழுக்கும்.

மறந்துவிடக்கூடாதென்று எண்ணைச் சீட்டில் எழுதிப் போர்டின் பெட்டிமேலேயே ஒட்டியிருந்தான். பெட்டி இருப்பது பீரோவுக்குள்... யார் பார்க்கப்போகிறார்கள்?

நேற்று ஆயுத பூஜை. பெட்டியைக் கழற்றிப் பூஜையில் வைத்தான். அவன் குளித்துவிட்டு வருவதற்குள் அய்யாவு பொட்டு வைத்து முடித்திருந்தார். செந்தில் படம் எடுத்து ஸ்டேட்டஸ் போட்டான். பூஜை முடிந்ததும் பெட்டியை மறுபடி பீரோவுக்குள் மாட்டினான்.

"படத்துல நம்பரு தெரியுதுங்க மாப்ள," என்றார் அய்யாவு. "மொதல்ல பார்த்தது பக்கத்து வூட்டுச் சந்துரு. செல்போன் ரிப்பேர்காரன். உங்க வைஃபையும் அவங்கிட்ட இருக்குது."

செந்திலின் புகாரில் வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் நிர்மலா, சந்துருவை ஜீப்பில் ஏறச் சொன்னார்.

"செந்திலண்ணா... நீங்களாவது சொல்லுங்க." சந்துரு ஜீப்பில் ஏறியபடியே கெஞ்சினான்.

செந்தில் படத்தைப் பெரிதாக்கினான். சுரீரென்றது.

"மேடம், கடைசி மூணு எண் மேல குங்குமம் இருக்கு."

"அதனாலென்ன? மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்திருப்பான்."

"மூணு தடவை தப்பாப் போட்டா பூட்டு ஒரு நாள் முழுக்க எதையும் கேக்காது. நான் அப்படித்தான் செஞ்சிருக்கேன். போட்ட ஒவ்வொரு எண்ணையும் குறிச்சும் வைக்கும். இன்னிக்குத் தப்பே இல்ல. மொத தடவையே சரி."

"அப்போ திறந்த ஆளுக்கு ஆறு எண்ணும் தெரியும்... ஹௌதா? அப்படித்தானே?"

செந்தில் மெல்லத் திரும்பினான்.

"பொட்டுக்கு முன்னாடி அந்தச் சீட்டைப் பார்த்தது ஒருத்தர்தான். இல்லையா மச்சான்?"

"சாமி காரியமுங்க அது..." அய்யாவுவின் பார்வை அறை மூலையிலிருந்த தன் பையின் மேல் போய்த் திரும்பியது.

அது போதும். நிர்மலா பையைக் கவிழ்த்தார். மடித்த வேட்டிக்குள் நாற்பது பவுன்!

சந்துரு ஜீப்பிலிருந்து இறங்கினான். அய்யாவு ஏறினார்.

நிர்மலா விலங்கை எடுத்தார். அதிலும் ஒரு பொட்டு.

"எங்க ஸ்டேஷன்லயும் நேத்து பூஜைதான், அய்யாவு. நீங்கதான் மொத போணி!"