ரெட்டைத் தையல்

விடிந்ததிலிருந்து வீட்டில் ஒரே அமளி. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலை பார்க்கும் சோபனா அன்று லீவு போட்டிருந்தாள். எதற்கென்று கேட்டால் வயிறு எரியும். தன் புருஷன் செல்வகுமாருக்கு இன்னொருத்தியை நிச்சயம் பண்ணப் போகிறார்கள், அந்த விருந்துக்கு வடை சுட!

செல்வகுமார் அவளுக்குத் தாய்மாமன். மாமியார் மீனாம்பாள் அவள் அம்மாவைப் பெற்ற ஆயா. சொந்தத்தில் கொடுத்தால் கண்கலங்காமல் வைத்துக்கொள்வார்கள் என்றுதான் கட்டி வைத்தார்கள். வைத்துக்கொண்ட லட்சணம் இது!

“உன் ரத்தமே பழுதுடி! உங்கப்பன் வழியில வந்தது. என் புள்ளைக்கு நல்லதா ஒரு வாரிசு வேணாமா?” என்று மீனாம்பாள் அடுப்படி வாசலில் நின்று கத்தினாள்.

சோபனா எண்ணெயில் வடையைத் திருப்பிப் போட்டாள். மாதாமாதம் வேலூருக்குப் போய் ரத்தம் ஏற்றினால்தான் மகள் யாழினி பிழைப்பாள். அந்தப் பரம்பரை ரத்த நோய் எப்படி வந்தது என்று டாக்டர் சொன்ன அன்றே செல்வகுமார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “அம்மா தாங்காது சோபனா… பழி உம்மேலயே இருக்கட்டும்…” அவளும் ஒத்துக்கொண்டாள். பைத்தியக்காரி!

இன்றும் பேசாமல் இருந்துவிடலாம். கட்டிக்கொள்ளட்டும், பிறக்கிற பிள்ளைக்கும் ஊசி ஏறட்டும், இந்தக் கிழவி நெஞ்சில் அடித்துக்கொண்டு அழட்டும்! நினைக்கவே இனித்தது. ஆனால் கூடத்தில் பட்டுப்புடவையில் தலைகுனிந்து நின்ற எழிலரசியைப் பார்த்ததும் அது கசந்தது. நிச்சயம் பண்ணப் போகிற பெண் அவள்தான், செல்வகுமாரின் சின்ன அக்கா தனகோடியின் மகள். அவளுக்கும் அவன் தாய்மாமன்தான்.

தாம்பூலத் தட்டைக் கையில் எடுத்தார்கள்.

“மாமா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?” என்றாள் சோபனா.

செல்வகுமார் முகம் வெளுத்தது. “வேணாம் சோபனா…”

“இன்னாடா வேணாம்?” என்றாள் மீனாம்பாள்.

“நான் தெக்கிற ஷூவுல ரெண்டு வரி தையல் ஆயா. ஒண்ணு விட்டாலும் இன்னொண்ணு தாங்கும். மாமாவுக்கு ஒரு வரி பழுது, எனக்கும் ஒரு வரி பழுது. அதான் நாங்க நல்லாக்கீறோம். யாழினிக்கு அவருகிட்டருந்து ஒண்ணு, எங்கிட்டருந்து ஒண்ணு, ரெண்டுமே பழுதா வந்துடுச்சு!”

“உங்கப்பன்தான்…”

“எங்கப்பாவுக்கு டெஸ்ட் எடுத்தாச்சு, ஒண்ணுமில்ல. எங்கம்மாவுக்கு கீது, உன் புள்ளைக்கும் கீது. ரெண்டு பேரையும் பெத்தது யாரு ஆயா? சொல்லு… யாரு?”

மீனாம்பாள் மகனைப் பார்த்தாள். “டேய்… உனக்குத் தெரியுமா?”

அவன் தரையைப் பார்த்தான்.

“அப்போ… எனக்கும் இருக்குமா?” என்றாள் தனகோடி.

“இருக்கலாம் சித்தி. டெஸ்ட் எடுத்தாதான் தெரியும். உனக்கும், எழிலுக்கும்.”

எழிலரசி ஓடிவந்து சோபனாவைக் கட்டிக்கொண்டு விம்மினாள். “அக்கா… நீ பேசாம இருந்திருந்தா…!”

“இருக்கத்தான்டி நெனச்சேன்.”

மீனாம்பாள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். “என்னை மன்னிச்சுடும்மா…”

“மன்னிக்க எனக்கு நேரமில்ல ஆயா. இன்னிக்கு யாழினிக்கு ரத்தம் ஏத்தணும். ஒரு தடவையாவது கூட வந்தியா நீ? கெளம்பு. இன்னிக்கு புள்ளைய நீ புடிச்சுக்கோ.”

“நானும் வர்றேன்…” என்று எழுந்தான் செல்வகுமார்.

“நீங்க இருங்க மாமா. வடை ஜாஸ்தியா கீது. உக்காந்து துன்னுங்க!”

வேலூரில் யாழினி கிழவியின் மடியில் உட்கார்ந்திருந்தாள். நரம்பு அகப்படாமல் நர்ஸ் குத்திக் குத்திப் பார்த்தாள். குழந்தை அலறியது, அதைவிட உரக்க மீனாம்பாள் அழுதாள். சோபனா மகளின் கண்ணைத் துடைத்தாள். கிழவியின் கண்ணைத் துடைக்கவில்லை.

“கைய விட்டுடாத ஆயா,” என்றாள். “ஊசி இன்னும் ஏறல.”