முறுக்கினால் மரணம்!

"அய்யய்யோ... கைய எடுத்தும் ஓடுதே!"

புதுவயல் ரோட்டில் தேனம்மை ஆச்சி போட்ட அலறலை அரிசி மில் ஆட்கள் அத்தனை பேரும் கேட்டார்கள்.

அடுத்த நொடி... டமார்!

நின்றிருந்த நெல் லாரியின் முதுகில் போய்ச் சொருகியது எலக்ட்ரிக் ஸ்கூட்டர். ஆச்சி இப்போது காரைக்குடி ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது. பேச்சு இல்லை.

மெக்கானிக் சேவுகனுக்கோ போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஏழரை!

"இவன்தாம்மா கொலகாரன்!" ஆச்சியின் புருஷன் ஏகப்பன் குதித்தார். "நேத்து சாயங்காலந்தான் இவன்கிட்ட சர்வீஸ் பண்ணி எடுத்தேன். உள்ள தள்ளுங்க!"

எஸ்.ஐ. துர்காதேவி நசுங்கிய ஸ்கூட்டரைக் காட்டினாள்.

"த்ராட்டில் ஏன் சிக்குச்சுன்னு என் கண்ணு முன்னால காட்டு. இல்லாட்டி கேஸ் உன் மேலதான்."

சேவுகன் த்ராட்டில் கைப்பிடியை முறுக்கினான். சுழன்றது. விட்டான்... திரும்பி வரவில்லை!

மூடியைக் கழற்றினான்.

ஸ்பிரிங்? புத்தம் புதுசு. சென்சார்? பழுதில்லை. ஒயர்? ஒரு கீறல் கிடையாது. திரும்ப மாட்டினான். மறுபடி சிக்கியது. எரிச்சல் மண்டைக்கு ஏறியது.

"சனியனே! எல்லாம் நல்லாத்தான இருக்கு... என்ன கேடு உனக்கு?"

"வண்டியத் திட்டாத. வேலையப் பாரு."

"காதுகிட்ட நின்னு இவரு கத்துனா எப்புடி மேடம் பாக்குறது? அங்குட்டுத் தள்ளி நிக்கச் சொல்லுங்க!"

ஆத்திரத்தில் கைப்பிடியை வெடுக்கென்று உருவினான்.

இடுக்கில் காய்ந்திருந்த சந்தனப் பொட்டு பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்கு அடியில்... நூல் நூலாய் இழுபட்டது ஒரு பசை!

துர்காதேவி மோந்து பார்த்தாள்.

"பஞ்சர் சொல்யூஷன்! உன் கடைச் சரக்குல்ல?"

சேவுகன் தலையில் அடித்துக்கொண்டான். அடப்பாவி... நானே தோண்டி எடுத்து நீட்டிட்டேனே!

"நான் சொல்லல?" ஏகப்பன் சிரித்தார். "மாட்டுங்கம்மா விலங்க!"

விலங்கு வந்தது. சேவுகனின் பார்வை எதிரே நின்ற போலீஸ் ஜீப்பில் விழுந்தது. பானட்டில் ஆயுத பூஜைச் சந்தனம்...

"மேடம்! இந்த வண்டிக்கு யாரு பொட்டு வச்சது?"

"வேற யாரு? நேத்து கடைப் பூஜையில நீதான வச்சிருப்ப?"

"எல்லா வண்டிக்கும் வச்சேன். இத மட்டும் தொடல! 'பங்காளி வீட்டுல சாவு, எங்களுக்குத் தீட்டு, என் வண்டிக்குச் சந்தனம் வச்சிராத'ன்னு இவருதான் கடைக்கு வந்து கத்துனாரு. தெருவே கேட்டுச்சு!"

ஏகப்பனின் சிரிப்பு நின்றது.

"அது... தேனம்மை வச்சிருப்பா..."

"உங்களுக்குத் தீட்டுன்னா உங்க சம்சாரத்துக்கும் தீட்டுதான?" துர்காதேவி நெருங்கினாள். "கையக் காட்டுங்க."

காட்டவில்லை. அவளே பிடித்துத் திருப்பினாள்.

நகக்கண்ணில் மஞ்சளும் கறுப்புமாய்ப் பிசின்!

"பசை தெரியாம இருக்கப் பொட்டு வச்சீகளாக்கும்?"

"பின்ன என்னம்மா பண்ணச் சொல்றீக?" ஏகப்பன் வெடித்தார். "கண்டனூர் வீடு அவ பேருல. விக்கலாம்னா கையெழுத்துப் போட மாட்டேங்குறா. எத்தன வருசந்தான் கெஞ்சுறது!"

க்ளிக்! விலங்கு கை மாறியது.

"தீட்டு நேரத்துல வாசப்படி தாண்ட வைக்கிறீகளே..." ஏகப்பன் முனகினார்.

சேவுகன் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் செருகிக்கொண்டே சொன்னான்.

"மாமியார் வீட்டுக்குத் தீட்டெல்லாம் கெடையாதுங்கய்யா... தாராளமாப் போங்க!"