குகை வாசலில் ஒரு ஜோடி பூட்ஸ்

"கழட்டு!" என்றாள் யாங்சென்.

"எதை?"

"எல்லாத்தையும்."

தாரிணிக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை. அண்ணன் முகிலன் உறைந்த ஆற்றின் மேல் நடந்து போய் முழுதாக ஒரு நாள் ஆகிவிட்டது. ஆள் திரும்பவில்லை. இப்போதா உடை மாற்றிக்கொண்டு நிற்பது?

"அக்கா, நான் ஏழு துணி போட்டிருக்கேன். போதும், வாங்க!"

"ஏழும் பருத்தி. வேர்வையக் குடிச்சிட்டு ஈரமா ஒட்டிக்கும். ஆத்துல பாதி தூரம் போறதுக்குள்ள வெறச்சுப் போவ. அப்புறம் நான் ரெண்டு பேரத் தூக்கணும்."

யாங்சென் பேசியது சுத்தமான மதுரைத் தமிழ். லடாக்கின் இந்தக் கடைக்கோடிக் கிராமத்தில் பிறந்தவள்தான். ஆனால் பன்னிரண்டு ஆண்டுகளாகக் குளிர்காலத்து மூன்று மாதமும் மதுரை நடைபாதையில் ஸ்வெட்டர் விற்றவள். தாரிணியும் முகிலனும் அவளுடைய பழைய வாடிக்கையாளர்கள். இந்த வருடம் தங்கையை மதுரைக்கு அனுப்பிவிட்டு அவள் ஊரிலேயே தங்கிவிட்டாள். அந்தத் தைரியத்தில்தான் அண்ணனும் தங்கையும் இவ்வளவு தூரம் வந்திருந்தார்கள்.

வந்தது ஒரு புதையலைத் தேடி. பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு கையெழுத்து நோட்டுப் புத்தகம். நூறு ஆண்டுகளுக்கு முன் நில அளவைக் குழுவோடு இமயமலைக்குப் போன தாண்டவராயன் என்ற எழுத்தர் எழுதியது. 'உறையும் ஆற்றின் மூன்றாம் வளைவுக்கு அப்பால், குகைக் கோயிலில் பெட்டியை வைத்தோம்' என்று ஒரு வரி. கோழி கிளறிய மாதிரிக் கையெழுத்து. ஆறு மாதம் உட்கார்ந்து அதைப் படித்தவள் தாரிணி. வரைபடம் போட்டவளும் அவளே. அந்த வரைபடத்தைத்தான் முகிலன் சுருட்டிக்கொண்டு போயிருந்தான்! அடுப்படியில் ஒரு துண்டுச் சீட்டு மட்டும் கிடந்தது.

'நீ தூங்கு. பெட்டியோட வர்றேன். உனக்குக் குளிர் தாங்காது.'

அந்தக் கடைசி வரியை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு எரிந்தது. ஏழு துணியையும் உருவி எறிந்தாள். யாங்சென் கொடுத்த மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் தொளதொளவென்று ஒரு ஸ்வெட்டர், அதற்கும் மேல் முழங்காலைத் தாண்டும் கம்பளி அங்கி. காலுறை மூன்று ஜோடி போடப் போனவளின் கையில் யாங்சென் பட்டென்று அடித்தாள்.

"ஒண்ணு போதும். விரல் உள்ள ஆடணும். இறுக்கினா ரத்தம் போகாது."

"ஊர்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா, அக்கா?"

"எல்லாரும் கீழ டவுனுக்குப் போயிருக்காக. பனி மூடின பாதை, வர ரெண்டு நாளாகும். சாயங்காலம் காத்து திரும்பிச்சுன்னா ஆத்துல பனி உடையும். அதுக்குள்ள உங்கண்ணன் இந்தப் பக்கம் வந்தாகணும். வரலேன்னா..."

யாங்சென் தடியையும் மூட்டையையும் எடுத்தாள்.

கதவைத் திறந்ததும் குளிர் கன்னத்தில் அறைந்தது! மூச்சு இழுத்தால் மூக்கு முடிகள் மொரமொரத்தன. இரண்டு பக்கமும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நடுவே கண்ணாடிப் பாதையாக ஆறு. கீழே தண்ணீர் ஓடும் சத்தம் பனிக்கு அடியிலிருந்து முனகியது. யாங்சென் முன்னால் தடியால் தட்டித் தட்டிப் போனாள். 'டக்' என்றால் கெட்டி. 'டொப்' என்றால் ஒதுங்க வேண்டும்.

முதல் வளைவு வரை தாரிணி ஒழுங்காக நடந்தாள். பிறகு மனசுக்குள் அண்ணனோடு சண்டை தொடங்கியது. 'எனக்குக் குளிர் தாங்காதா? உனக்கு நீச்சல் கத்துக்கொடுத்ததே நான்தானேடா!' கோபம் ஏற ஏற நடையும் ஏறியது. யாங்செனையே தாண்டிப் போனாள்.

"இந்தா, மெல்லப் போ! அங்கியத் தொறந்து விடு, வேர்க்குது பாரு!"

"வேர்க்கட்டும்! கதகதன்னுதான் இருக்கு!"

"தாரிணி! வேர்க்கிறதுக்கு முந்தித் தொறக்கணும்!"

அவள் கேட்கவில்லை. இரண்டாம் வளைவில் பனியில் ஒரு பெரிய ஓட்டை வாய் பிளந்திருந்தது. விளிம்பில் முகிலனின் பூட்ஸ் தடம் சறுக்கி உள்ளே இறங்கி, மறுபடி மேலேறியிருந்தது. கால் நனைந்திருக்கிறான்! தாரிணி அதைப் பார்த்துக்கொண்டு நின்றது ஐந்து நிமிடம்கூட இருக்காது. முதுகில் வழிந்த வியர்வை பனிக்கட்டியாக மாறியது. பற்கள் தந்தியடித்தன. அங்கியின் பொத்தானைப் போடப் போனால் விரல்கள் வேறு யாருடையவையோ போல விலகி விலகிப் போயின.

யாங்சென் வந்து பிடித்தாள். பாறை இடுக்குக்குள் அவளைத் தள்ளி, ஈர உள்ளாடையை உருவி, தன் மூட்டையிலிருந்த காய்ந்த உள்ளாடையை மாட்டிவிட்டாள். வாயில் ஒரு பாலாடைக்கட்டித் துண்டைத் திணித்தாள். உடம்பு நடுக்கம் நின்ற பிறகுதான் பேசினாள்.

"கோவப்படு. வேணாங்கல. ஆனா நடையில காட்டாத. இந்த ஊர்ல கோவம் வேர்க்கும், வேர்வை கொல்லும்."

தாரிணி தலையாட்டினாள். அதற்குப் பிறகு உடம்பு சூடாவதற்கு முன்பே அங்கியைத் திறந்தாள். நிற்பதற்கு முன்பே மூடினாள். கோபத்தைப் பல்லுக்கிடையில் பாலாடைக்கட்டியோடு சேர்த்து மென்றாள். அது கல் மாதிரி இருந்ததால் வசதியாகவே இருந்தது.

மூன்றாம் வளைவைத் தாண்டியதும் யாங்சென் தடியை நீட்டினாள். "அங்க!"

பாறை நடுவே கறுப்பாக ஒரு குகை வாய். மேலே காற்றில் சாயம் போன பிரார்த்தனைக் கொடிகள். வாசலில், அருகருகே ஒழுங்காக, ஒரு ஜோடி பூட்ஸ்.

யாங்சென் குனிந்து பார்த்தாள். "ஏன் வெளிய கழட்டி வச்சிருக்கான்?"

"கோயிலாச்சே, அக்கா!" தாரிணிக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. "எங்க ஊர்ல கோயிலுக்குள்ள செருப்புக் காலோட போவோமா?"

அவள் ஒரு பூட்ஸைத் தூக்கினாள். நனைந்த தோல் விறைத்து அம்மிக்கல்லாகக் கனத்தது. உள்ளே கைவிரலைக்கூட நுழைக்க முடியவில்லை. ஒரு வணக்கம் போட்டுவிட்டு வருவதற்குள் அது உறைந்திருக்கும். முகிலன் அதற்குள் காலை நுழைக்க முடியாமல், வெறுங்காலோடு பனியில் நடக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டான்.

"முகிலா!"

"இங்க..." என்று உள்ளிருந்து ஈனஸ்வரத்தில் ஒரு குரல்.

ஒரு சின்னப் புத்தர் சிலையின் காலடியில் அவன் சுருண்டு கிடந்தான். உதடு நீலம். கால்களை முதுகுப் பைக்குள் நுழைத்திருந்தான். பக்கத்தில் தகரம் அடித்த மரப்பெட்டி ஒன்று திறந்து கிடந்தது. அதற்குள் மடிப்புக் கலையாமல் ஓர் ஆட்டுத்தோல் அங்கி, கம்பளியை அடித்துச் செய்த இரண்டு கனத்த பூட்ஸ், கையுறைகள்!

தாரிணி பெட்டியைப் பார்த்தாள். நடுங்கும் அண்ணனைப் பார்த்தாள். மறுபடி பெட்டியைப் பார்த்தாள்.

"ஏண்டா... ஏண்டா இதப் போட்டுக்கல?"

"நூறு வருஷத்துப் பொருள், தாரு." அவன் தாடை ஆடியது. "போட்டா பிஞ்சிரும். மியூசியத்துல கேப்பாங்க. ஒருநா... தாங்கிரலாம்னு நெனச்சேன்."

"பைத்தியக்காரா!" குகை அதிர்ந்தது. கொடிகளிலிருந்து பனி உதிர்ந்தது. "மூடியில என்ன எழுதியிருக்குன்னு பாத்தியா?"

"பாத்தேன். கிறுக்கலா இருக்கு. என்னால படிக்க முடியல."

"என்னால முடியும்! அதுக்குத்தான் நானும் வந்திருக்கணும்!" அவள் பெட்டி மூடியை அவன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். தாண்டவராயனின் அதே கோழிக் கிறுக்கல். ஒவ்வொரு சொல்லாக உரக்கப் படித்தாள். "'குளிரில் வந்து சேர்ந்தவர் எவராயினும் எடுத்து அணிந்துகொள்க. எங்களுக்கு இனித் தேவையில்லை.' கேட்டுச்சா? அணிந்துகொள்க!"

முகிலன் கண்ணை மூடிக்கொண்டான்.

யாங்சென் அவன் கால்விரலை மெல்ல அழுத்திப் பார்த்தாள். வெளுத்திருந்தது, ஆனால் குழி விழுந்தது. "இன்னும் கல்லாகல. தேய்க்காத, தேய்ச்சா தோல் போகும். உன் வயித்துல வைய்யி."

"என் வயித்துலயா?"

"பின்ன, புத்தர் வயித்துலயா?"

தாரிணி அங்கியை விலக்கி அந்த இரண்டு ஐஸ் பாளங்களையும் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். உயிர் போய் உயிர் வந்தது. தெரிந்த வசவு அத்தனையையும் சொல்லி முடித்து, புதிதாகச் சிலவற்றை உண்டாக்கவும் செய்தாள். யாங்சென் ஆட்டுத்தோல் அங்கிக்குள் அவனைத் திணித்தாள். காய்ந்த காலுறையை மாட்டி, நூறு வருடத்துக் கம்பளி பூட்ஸை ஏற்றினாள்.

வெளியே காற்று ஊளையிடத் தொடங்கியிருந்தது.

"ஓடக் கூடாது!" என்றாள் யாங்சென். "ஆனா நிக்கவும் கூடாது. கெளம்பு!"

இரண்டாம் வளைவை அடைந்தபோது அந்த ஓட்டை இரண்டு மடங்காகியிருந்தது. பாறையை ஒட்டி ஒரு முழ அகலத்துக்குத்தான் பனி மிச்சம். யாங்சென் முதுகைப் பாறையில் ஒட்டிப் பக்கவாட்டில் நகர்ந்து கடந்தாள். அடுத்து தாரிணி. கடைசியில் முகிலன். கம்பளி பூட்ஸ் பனியை நன்றாகவே கவ்விப் பிடித்தது. இன்னும் நாலே எட்டு!

'டொப்!'

அவன் காலடிப் பனி சரிந்தது. தாரிணி பாய்ந்து ஆட்டுத்தோல் அங்கியின் பிடரியைப் பற்றினாள். யாங்சென் தாரிணியின் இடுப்பைப் பற்றினாள். கறுப்புத் தண்ணீர் அவன் பூட்ஸுக்கு ஒரு சாண் கீழே கொப்பளித்தது.

"அங்கி கிழியுது, தாரு! விடு!"

"கிழியட்டும்டா!"

பாறையின் கூர்முனையில் அங்கியின் ஒரு கை முழுதாகப் பிய்ந்துபோனது. பிடரி மட்டும் கிழியாமல் தாங்கியது. மூன்று பேரும் கெட்டிப் பனியில் மல்லாந்து விழுந்தார்கள். அவர்கள் பின்னால் அந்த ஒரு முழப் பாதையும் மடமடவென்று உடைந்து தண்ணீரோடு போனது.

கிராமத்தை அடையும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பெண்கள் எல்லாரும் கூச்சலிட்டபடி ஆற்றங்கரைக்கே ஓடி வந்து, முகிலனைக் கைத்தாங்கலாக யாங்சென் வீட்டு அடுப்படிக்குக் கொண்டுபோனார்கள். பூட்ஸின் அடி நார் நாராகத் தொங்கியது. யாங்சென் கத்திரிக்கோலால் அதை வெட்டி எடுத்தாள்.

"நூறு வருஷம் தாங்குச்சு," என்றான் முகிலன். "ஒரே நாள்ல முடிச்சுட்டோம்."

"துணி ஆளுக்காகத் தைக்கிறது தம்பி. துணிக்காக ஆளு சாகக் கூடாது," என்ற யாங்சென், வெதுவெதுப்பான தண்ணீர்ப் பாத்திரத்தில் அவன் கால்களை வைத்தாள். சற்றுப் பொறுத்து விரல்களை ஒவ்வொன்றாகக் கிள்ளினாள்.

"ஆ!"

"ஒண்ணு."

"ஐயோ!"

"ரெண்டு. கத்து, நல்லாக் கத்து. கத்துனா விரல் இருக்குன்னு அர்த்தம்."

ஒன்பது விரலுக்கும் ஒன்பது அலறல். பத்தாவது, இடது காலின் சுண்டு விரல். கிள்ளினாள். சத்தமில்லை. மறுபடி கிள்ளினாள். சத்தமில்லை. அடுப்பைச் சுற்றி நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தாரிணி யாங்செனை நகர்த்திவிட்டுத் தண்ணீருக்குள் கையை விட்டாள். அந்தச் சின்ன விரலைத் தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாரோ வெந்நீர் ஊற்றினார்கள். அவள் கையை எடுக்கவில்லை. வெகுநேரம் கழித்து நகத்தால் ஒரு கிள்ளு கிள்ளினாள்.

"அம்மா! கொல்றாளே!"

வீடே ஆர்ப்பரித்தது! யாரோ பாத்திரத்தைத் தட்டினார்கள், யாரோ பாடத் தொடங்கினார்கள். உப்புத் தேநீர் கிண்ணம் கிண்ணமாகச் சுற்றி வந்தது. கிழிந்த ஆட்டுத்தோல் அங்கியை யாங்சென் ஆணியில் மாட்டி, பிய்ந்த இடத்தில் ஊசி நூலைக் கோர்க்கத் தொடங்கினாள்.

அந்தச் சத்தத்துக்கு நடுவில் முகிலன் குனிந்து மெல்லக் கேட்டான். "தாரு... கோவம் போயிருச்சா?"

"இல்ல," என்றாள் தாரிணி. அவன் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, விரல் இடுக்குகளில் ஒரு சொட்டு ஈரமும் தங்காமல் ஒவ்வொன்றாகத் துடைக்கத் தொடங்கினாள்.