ஐஸ் வண்டி வராத தெரு

வந்தவர் செருப்பைக் கழற்றினார், உட்காரச் சொன்ன நாற்காலியில் உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய பட்டன் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். வந்த வேலை அதோடு முடிந்துவிட்ட மாதிரி பேசாமல் இருந்துவிட்டார்.

கண்டக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் காலமெல்லாம் விசில் ஊதி ஓய்வுபெற்ற மனிதர் அவர். வாயைத் திறக்காத ஆளைக் கண்டால் டிக்கெட் வாங்காமல் நிற்கிற ஆளைக் கண்ட மாதிரி கை பரபரக்கும். ஆனால் இந்த வீட்டில் கேள்வி கேட்கிற உரிமை அவர் மனைவிக்குத்தான். இன்சூரன்ஸ் அலுவலகத்தில் இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளை விசாரிக்கும் வேலையில் இருந்தவர் அந்த அம்மாள். தானாக எரிந்த கடைகள், தானே தொலைந்த நகைகள் என்று எத்தனையோ பார்த்தாயிற்று. ஓய்வுபெற்ற பிறகும் ஜனங்கள் விடவில்லை. 'கிளெய்ம் அக்கா' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அக்காவின் உதவியாளராகக் கண்டக்டர் தன்னைத் தானே நியமித்துக்கொண்டார்.

"சொல்லுங்க," என்றார் அக்கா.

"நான் தண்ணி ஏத்துற ஸ்டேஷன்ல நைட் ஷிப்ட் பம்ப் ஆபரேட்டர். போன மாசம் என் வீட்டம்மா தவறிட்டா," என்றார் வந்தவர். பக்கத்துத் தெருவில் யாருக்கோ நடந்ததைச் சொல்வது போல இருந்தது குரல். "தையல் கூடத்துல வேலை பார்க்கும்போது நெஞ்சு வலி. மத்தியானம். முதல்ல எனக்குத்தான் போன் பண்ணியிருக்கா. சுவிட்ச் ஆஃப்னு வந்திருக்கு. பையன் பண்ணியிருக்கான். அவனுக்கும் அதே பதில். நான் வீட்டுல தூங்கிக்கிட்டு இருந்தேன். போன் தலைமாட்டுலதான் இருந்துச்சு."

"நீங்க அணைச்சு வெச்சீங்களா?"

"இல்லைன்னுதான் நினைக்கிறேன். வாங்கின நாள்லேர்ந்து இதை அணைச்சதே கிடையாது. எழுந்து பார்த்தப்ப உயிரோடதான் இருந்துச்சு. சார்ஜ் நிறைய இருந்துச்சு. ஒரு மிஸ்டு கால் இல்லை." அவர் போனைப் பார்த்தார். "பையன் என்கூடப் பேசறதில்லை. தூக்கம் கெடக்கூடாதுன்னு நான் அணைச்சு வெச்சுட்டுப் பொய் சொல்றேன்னு நினைக்கிறான். அணைச்சிருந்தேன்னா, ஆமான்னு சொல்லிட்டுப் போறேன். ஆனா எனக்குத் தெரியணும் அக்கா. நானா, இல்லையா. எனக்கு அழுகைகூட வரமாட்டேங்குது. டூட்டிக்குப் போறேன், வர்றேன், தூங்குறேன்."

கண்டக்டர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அக்காவை முந்திக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டுச் சாவி வேற யார்கிட்ட இருக்கு?"

"மாடிக்காரம்மாகிட்ட ஒண்ணு. ஆனா தூங்கும்போது உள்தாழ்ப்பாள் போட்டுடுவேன்."

கண்டக்டரின் முதல் குற்றவாளி அங்கேயே தப்பித்துவிட்டார்.

அக்கா போனைக் கையில் எடுத்தார். எண்கள் தேய்ந்த விசைகள், மழுங்கிய ஓரங்கள். பின்பக்கத்துத் திருகாணிகள் மட்டும் பளபளவென்று இருந்தன. பேட்டரியைக் கழற்றி அடியில் ஒட்டியிருந்த காகிதத்தைப் படித்தார். திரும்பப் போட்டு, உயிர் வந்ததும் சில விசைகளை அழுத்தித் திரையைப் படித்தார். அதற்குப் பிறகும் வெகுநேரம் எதையோ தேடிக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முப்பது வருஷமாய் அந்த முகத்தைப் படிக்க முயன்று கண்டக்டர் தோற்றிருக்கிறார்.

"சார்ஜ் எத்தனை நாள் நிக்கும்?"

பம்ப்காரர் முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. "ஒரு வாரம் நிக்கும். இப்ப ரெண்டு மாசமா அதுக்கும் மேலயே நிக்குது. வயசாக வயசாக இதுக்குத் தெம்பு கூடுதுன்னு அவகிட்டயே பெருமை அடிச்சேன். பையன் பெரிய திரை போன் ஒண்ணு வாங்கித் தந்தான். பெட்டியைக்கூடப் பிரிக்கலை. இது போறப்ப நானும் போறேன்னு சொல்லிட்டேன்."

"போன்ல வேற ஏதாவது மாறுச்சா?"

"பாம்பு கேம்ல என் ஸ்கோர் அழிஞ்சு போச்சு. ஷிப்டுல உட்கார்ந்து உட்கார்ந்து சேர்த்தது. தான்தான் தெரியாம எதையோ அமுக்கிட்டேன்னு அவ சொன்னா. ரெண்டு நாள் அவகூட நான் பேசலை." அவர் நிறுத்தினார். "ஸ்கோர் அழிஞ்ச அன்னிக்குத்தான் அவ நேர்ல வந்து எழுப்பினா. எப்பவும் நாலு மணிக்குத் தையல் கூடத்துலேர்ந்து போன் பண்ணி 'எழுந்தாச்சா?'ன்னு கேட்பா. அன்னிக்கு மட்டும் பாதி நாள் லீவு போட்டுட்டு வந்துட்டா."

"நாலு மணிக்கு முன்னாடி யாரும் கூப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. அது அவ போட்ட சட்டம். அதனாலதான் அவ நம்பரையே 'மேனேஜர்'னு போட்டு வெச்சிருக்கேன். என் தூக்கத்துல கை வெச்சா யாரையும் உண்டு இல்லைன்னு பண்ணிடுவா."

"தூக்கம் நல்லா வருதா?"

"அடிச்சுப் போட்ட மாதிரி வரும். இப்ப கொஞ்ச நாளாத்தான் தூக்கத்துல ஐஸ் வண்டி போற மாதிரி ஒரு மணியோசை கேட்குது. புரண்டு படுத்துடுவேன்."

அக்கா போனை அவரிடமே கொடுத்து, மறுநாள் பகலில் வீட்டுக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினார்.

மகன் சரக்கு வேன் ஓட்டுபவன். கிடங்கு வாசலில் கூடைகளை அடுக்கிக்கொண்டே பேசினான். கையை நிறுத்தவே இல்லை.

"அம்மா ரெண்டு தடவை அவரைக் கூப்பிட்டிருக்காங்க. அப்புறம்தான் என்னை. வண்டியில படுக்க வெச்சு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுறேன், வழியெல்லாம் அடிச்சுக்கிட்டே வந்தேன். ஒரே பதில். அஞ்சு மணிக்கு வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். உட்கார்ந்து டீ குடிச்சுக்கிட்டு இருந்தார்."

"அம்மா ஏதாவது சொன்னாங்களா?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

கூடை கையிலேயே நின்றது. "அப்பவும் அவருக்குத்தான் வக்காலத்து. 'அப்பாவைத் திட்டாதடா, அது அப்பா போன் இல்லைடா'ன்னாங்க. நினைவு தப்பிப் பேசினாங்க. அது அவர் போன் இல்லாம வேற யார் போன்?"

திரும்பும் வழியில் கண்டக்டர் தன் முடிவை அறிவித்தார். "பையன் பொய் சொல்றான். புது போனை அப்பா தொடலைன்னு கோவம். அவன் கூப்பிடவே இல்லை."

"அம்மாவும் கூப்பிட்டிருக்காங்களே."

"அப்ப பக்கத்து டவர் கெட்டுப்போயிருக்கும்."

"உங்களுக்கு ரெண்டு வேலை," என்றார் அக்கா. "அவர் வீட்டுத் தெருவுல ஐஸ் வண்டி வருதான்னு விசாரிங்க. அப்புறம், தையல் கூடத்துக்குப் பக்கத்துல போன் ரிப்பேர் பார்க்கிறவர் யாருன்னு கண்டுபிடிச்சு, நாளைக்குப் பன்னிரண்டரை மணிக்கெல்லாம் கூட்டிக்கிட்டு வாங்க."

கண்டக்டர் வீடு வீடாக விசாரித்தார். அந்தத் தெருவுக்கு ஐஸ் வண்டி வருவதே இல்லை. வந்தால் தேவலை என்று மூன்று குழந்தைகள் அவரிடம் மனுவே கொடுத்தார்கள்.

மறுநாள் பம்ப்காரர் வீட்டின் முன்னறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூலையில் உறை போட்ட தையல் மிஷின். அலமாரி மேல் பிரிக்காத போன் பெட்டி. மகன் வாசலுக்குப் பக்கத்தில், எந்த நேரமும் எழுந்து போகிறவன் போல உட்கார்ந்திருந்தான். ரிப்பேர்காரர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். போன் நடுவில், ஸ்டூல்மேல்.

அக்கா மகனைப் பார்த்துத் தொடங்கினார். "உங்க அம்மா நினைவு தப்பிப் பேசலை தம்பி. உண்மையைத்தான் சொன்னாங்க. இது அப்பா போன் இல்லை."

பம்ப்காரர் போனை எடுத்து ஒரு மூலையைத் தடவினார். "இது பம்ப் ரூம்ல விழுந்து உடைஞ்ச இடம் அக்கா. என் போன்தான்."

"மேல் ஓடு உங்களுதுதான். உள்ளே இருக்கிறது வேற. ஒவ்வொரு போனுக்கும் ஒரு நீள நம்பர் உண்டு. பேட்டரிக்கு அடியில ஒட்டியிருக்கும். அதே நம்பரைத் திரையிலயும் வரவழைக்கலாம். இதுல ரெண்டும் வேற வேற. திருகாணியும் புதுசு. பழைய பேட்டரிக்குத் திடீர்னு தெம்பு வராது, புதுசு போட்டாத்தான் வரும். ஸ்கோர் அழிஞ்சதும் அதனாலதான். கேம் போனுக்குள்ள இருக்கு. ஆளுங்க பேரும் நம்பரும் சிம்ல இருக்கு, அதனால அது தப்பிச்சுது." அக்கா ரிப்பேர்காரரிடம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க."

அவர் பொத்தானை விட்டார். "அந்தம்மா காலையில ஓடி வந்தாங்க. இவர் டூட்டி முடிஞ்சு வந்து கழட்டின சட்டையை ஊற வெச்சிருக்காங்க, பையில போன் இருந்திருக்கு. சோப்புத் தண்ணியில ஒரு மணி நேரத்துக்கு மேல... உள்ளே பிழைக்கிற நிலைமையில இல்லை. இதே மாடல் ஒண்ணு என்கிட்ட பழசா இருந்துச்சு. குழந்தைங்க காப்பகத்துல வேலை பார்த்த ஒரு அம்மா கொடுத்துட்டுப் போனது. அதோட உள்பாகத்தை இவர் ஓட்டுக்குள்ள மாத்தித் தரச் சொன்னாங்க."

"அவ என்கிட்ட சொல்லலையே," என்றார் பம்ப்காரர்.

"சொல்லிடுங்கன்னு நானும் சொன்னேங்க. சிரிச்சாங்க. 'வீட்டுல பொண்டாட்டி மாறினாக்கூட கண்டுக்க மாட்டார், போன் மாறினா விடமாட்டார். அவருக்கு மூச்சு விடாதீங்க'ன்னாங்க."

கண்டக்டர் தன் மனைவியை ஒரு தரம் பார்த்தார். வீட்டில் ஆணியில் தொங்கும் அவருடைய பழைய விசில் கொஞ்ச நாளாய் வேறு மாதிரி கத்துகிறது. இப்போது அதைக் கேட்பது முறையில்லை என்று விட்டுவிட்டார்.

"அதனால என்ன?" மகன் குரல் உயர்ந்தது. "எந்தப் போனா இருந்தா என்ன? அணைச்சு வெச்சது இவர்தானே?"

அக்கா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "கொஞ்சம் பொறுங்க."

முள் ஒரு மணியைத் தொட்டது. ஸ்டூல்மேல் இருந்த போன் திடீரென்று வெளிச்சம் காட்டியது. கிணிகிணியென்று சின்னதாக ஒரு மெட்டு. பிறகு திரை இருண்டது. யார் கையும் அதன் பக்கத்தில் இல்லை.

"ஐஸ் வண்டி," என்றார் பம்ப்காரர்.

"அதேதான். காப்பகத்துல மத்தியானம் குழந்தைங்க தூங்குற நேரம். அந்த அம்மா ஒரு மணிக்குத் தானா அணைஞ்சு மூணு மணிக்குத் தானா எழுந்துக்கற மாதிரி வெச்சிருந்தாங்க. அது உள்ளேயே இருந்துடுச்சு. நேத்தே பார்த்துட்டேன். ஆனா உள்பாகம் எப்படி வந்துச்சுன்னு தெரியாம சொன்னா, நீங்களே வெச்சதுன்னு பையன் சொல்லியிருப்பார்." அக்கா பம்ப்காரரைப் பார்த்தார். "நீங்க போனை அணைச்சதே இல்லை. அதனால அது அணையும்போது என்ன பாட்டு பாடும்னே உங்களுக்குத் தெரியாது. நாலு மணிக்கு முன்னாடி உங்களை யாரும் கூப்பிட்டதும் இல்லை. அதனால அது தினமும் அணையறது வேற யாருக்கும் தெரியலை. அந்த ஒரு நாள் வரைக்கும்."

"அம்மாவுக்கு..." என்றான் மகன்.

"அவங்களுக்குத் தெரிஞ்சிருச்சு. அப்பா போனை அணைக்க மாட்டார்னு அவங்களுக்கு நிச்சயமாத் தெரியும். சுவிட்ச் ஆஃப்னு வந்ததும் கோளாறு நாம போட்ட உள்பாகத்துலதான்னு புரிஞ்சிருக்கு. அந்த வலியிலயும் அதைத்தான் உங்ககிட்ட சொல்லப் பார்த்தாங்க."

மகன் தன் போனை எடுத்து அப்பாவின் எண்ணை அழுத்தினான். பெண் குரல் அமைதியாக 'சுவிட்ச் ஆஃப்' என்று பதில் சொன்னது. அவன் அதை முழுக்கக் கேட்டான், பிறகு முகத்தை முழங்கைக்குள் புதைத்துக்கொண்டு விசும்பினான். "அப்பா," என்றான். ஒரு மாதத்தில் முதல்முறை.

பம்ப்காரர் அவன் தோளில் கை வைத்தார். கண் வறண்டுதான் இருந்தது. "போன் மாறினதையும் நான் கண்டுக்கலையேடா," என்றார். "ஒரு டப்பா நனைஞ்சு போச்சுன்னு அவளால என்கிட்ட சொல்ல முடியலை. ஸ்கோருக்காக ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டேன். அதுக்கப்புறம் அவ இருந்ததே கொஞ்ச நாள்."

அக்கா விசாரிக்கக்கூடியதை விசாரித்துவிட்டார்.

ரிப்பேர்காரர் தயங்கிக்கொண்டே சொன்னார்: "அந்த செட்டிங்கை எடுத்து விட்டுடறேன். ஒரு நிமிஷ வேலை."

"இருங்க," என்றார் பம்ப்காரர். "எழுந்துக்கட்டும்."

யாரும் கிளம்பவில்லை. ரிப்பேர்காரர் கடையை மறந்தார், மகன் வேனை மறந்தான். கண்டக்டர் அடுப்படியைத் தேடிப் போய் எல்லோருக்கும் டீ போட்டார். சர்க்கரை எங்கே இருக்கிறது என்று கேட்டபோது அப்பா, மகன் இரண்டு பேருக்குமே தெரியவில்லை. சர்க்கரை இல்லாமலே குடித்தார்கள்.

மூன்று மணிக்குத் திரை வெளுத்தது. கிணிகிணியென்று அதே சின்ன மெட்டு.

பம்ப்காரர் போனை எடுத்தார். எதற்கென்று அவருக்கே தெரியாமல் காதில் வைத்துக்கொண்டார்.

"எழுந்தாச்சு," என்றார். "எழுந்தாச்சு, மேனேஜர்."

அப்போதுதான் அழுகை வந்தது. உடம்பு முழுக்க ஆடியது, போன் மடியில் விழுந்தது. மகன் வாசல் பக்கத்து நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான். அக்கா கண்டக்டருக்குக் கண்ணைக் காட்டினார். இரண்டு பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்து, தெருவில் வைத்து மாட்டிக்கொண்டார்கள்.