கல்லறை மேல் பூசை ரசம்

நவம்பர் இரண்டு, காலை ஆறு மணி. கல்லறைத் திருநாள்.

காமயகவுண்டன்பட்டிக்குக் கிழக்கே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருக்கும் கல்லறைத் தோட்டத்துக்கு லூர்து மேரிதான் முதலில் வந்தாள். பனி இன்னும் கலையவில்லை. மாமனார் மாமியார் கல்லறையில் மெழுகுவர்த்தி வைக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

கல் மேல் ஒரு பாட்டில் நின்றது. உள்ளே கருஞ்சிவப்புத் திராட்சை ரசம். வாயில் அரக்கு முத்திரை. அரக்கில் ஒரு கட்டைவிரல் ரேகை, அதன் குறுக்கே கொடி நறுக்கும் கவாத்துக் கத்தி வெட்டிய தழும்பு. அது அவள் கணவர் ஞானமுத்துவின் விரல்.

ஞானமுத்து காணாமல் போய் இரண்டரை வருஷம் ஆகிறது. சுற்றுவட்டாரக் கத்தோலிக்கக் கோயில்களுக்குப் பூசை ரசம் செய்து கொடுத்தவர் அவர்; பாட்டில்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தம்பி ஜான் பீட்டரின் வேலை. ஒரு சாயங்காலம் தோட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் ஒரு பாட்டில் வருகிறது. இது மூன்றாவது.

பாதி ஊர் ஆவி என்றது. மீதி ஊர், ஆள் மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் வேறு குடும்பத்தோடு சுகமாக இருப்பதாகச் சொன்னது. போலீசுக்கு இரண்டாவது கதைதான் சௌகரியம். நிலப் பத்திரத்தில் வைத்த ரேகையோடு அரக்கு ரேகை ஒத்துப்போனதும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். லூர்து மேரி மட்டும் தாலியைக் கழற்றவும் முடியாமல், கணவருக்கு இறந்தோர் பூசை வைக்கவும் மனசு வராமல் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

அன்றே மூன்று பாட்டில்களையும் துணிப்பையில் போட்டுக்கொண்டு பெரியகுளத்துக்கு பஸ் ஏறினாள்.

அங்கே ஜெபஷீலா சொந்தமாக ஆய்வுக்கூடம் வைத்திருந்தாள். தேனி பஜாரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பெண். பழத்தில் மருந்து எவ்வளவு, மண்ணில் உப்பு எவ்வளவு என்று சோதித்துச் சொல்வது தொழில். ஆவிக்கும் அவளுக்கும் ஆகாது.

"என் வீட்டுக்காரக உயிரோட இருக்காகளா இல்லையான்னு இதுககிட்டக் கேட்டுச் சொல்லும்மா."

"தொறக்கணுமே அக்கா."

லூர்து மேரி அரக்கு ரேகையை ஒருமுறை தடவினாள். "அவுக வந்து தொறப்பாகன்னுதான் வச்சிருந்தேன். சரி, தொற."

ஜெபஷீலா முதலில் அரக்குகளை லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மூன்றிலும் தழும்புக்குப் பக்கத்தில் கடுகளவு குழி இருந்தது. படம் எடுத்துக்கொண்ட பிறகே கத்தியை வைத்தாள்.

"அவுக ரசத்த எப்படிச் செய்வாக?" என்று கேட்டாள்.

"பன்னீர்த் திராட்சைப் பழத்தப் பறிச்சு நெழல்ல பாய் போட்டு வதங்க விடுவாக. அப்பத்தான் இனிப்பு ஏறும். சீனியோ தண்ணியோ சேந்தா அது பூசைக்கு ஆகாதும்பாக. கழுவுன பானையைக்கூட வெயில்ல காய வச்சுத்தான் எடுப்பாக."

ஊர்க் கோயிலில் ஞானமுத்து தன் கையாலேயே கொண்டுவந்து கொடுத்த பழைய ரசம் இரண்டே பாட்டில் மிச்சம் இருந்தது. "உங்க சபையில இத ஜூஸாத்தான குடிப்பீக?" என்று, வேறு சபைக்காரியான ஜெபஷீலாவைக் கிண்டல் பண்ணிக்கொண்டே பங்குச் சாமியார் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

அடுத்து ஜெபஷீலா, வழக்கைப் பார்த்த இன்ஸ்பெக்டர் ஈஸ்வரபாண்டியைக் கூட்டிக்கொண்டு, ரசத்தைக் கையாண்ட ஜான் பீட்டரின் வீட்டுக்குப் போனாள். தோட்டத்தை ஒட்டிய வீடு. ஜான் பீட்டரின் மனைவி கிளாரா காப்பி கொடுத்தாள். உப்புக் கரித்து, வாயில் வைக்க முடியவில்லை.

"போர் தண்ணி," என்றாள் கிளாரா சலிப்பாக. "கைக்கெட்டுற தண்ணியா அங்கன கிணறு கெடந்துச்சு. இவுக அண்ணன் காணாமப் போன வாரமே இவுக மூடிப்புட்டாக."

"பாம்பு அடைஞ்சுச்சு," என்றான் ஜான் பீட்டர். "அண்ணன் கேரளாவுலதான் மேடம் இருக்காக. வருசா வருசம் ரசம் வருதுல்ல?"

கிணறு இருந்த இடத்தில் ஒற்றைத் திராட்சைக் கொடி நட்டிருந்தார்கள். பந்தல் முழுக்க அடைத்து, குலை குலையாய்க் காய்த்து, பறிக்காமலே அழுகித் தொங்கியது. கீழே மண் கறுத்து ஈரமாக இருந்தது. ஜெபஷீலாவுக்கு ஏனோ அதன் நிழலில் நிற்கப் பிடிக்கவில்லை.

"இந்தப் பழத்த மட்டும் இவுக தொடமாட்டாக," என்றாள் கிளாரா.

ஜெபஷீலா அடுப்படிக் குழாயில் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டாள்.

டிசம்பர் தொடக்கம், மாலை நான்கு மணி. லூர்து மேரியின் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"மூணுமே பன்னீர்ப் பழந்தான்," என்று ஆரம்பித்தாள் ஜெபஷீலா. ஜான் பீட்டர் தலையாட்டினான். "கோயில் பாட்டில்ல இருக்கிற சாராயம் முழுக்கத் திராட்சையில இருந்து வந்தது. இந்த மூணுல பாதிக்கு மேல சீனியில இருந்து வந்தது. கரும்போட கரி, அதாவது கார்பன், வேற வகை; திராட்சையோட கரி வேற வகை. புளிச்சு ரசமானாலும் அந்த அடையாளம் அழியாது. பெங்களூருக்கு அனுப்பிச் சோதிச்சிட்டேன்."

"அண்ணனுக்கு வயசாச்சு. பக்குவம் மாறியிருக்கும்."

"தண்ணியும் ஊத்தியிருக்கு. கோயில் பாட்டில்ல ஃபுளோரைடு இல்லைன்னே சொல்லலாம். இதுல ஏகப்பட்டது. ஊர்க் குழாய், வாய்க்கால், தோட்டம் எல்லாத் தண்ணியும் பார்த்தேன். உப்புக்கு உப்பு ஒத்துப்போனது உங்க போர் ஒண்ணுதான். கிணத்த மூடுன பெறகு போட்ட போர். கேரளாவுல இருக்கிற மனுசன் உங்க அடுப்படியிலயா தண்ணி பிடிச்சாரு?"

"அப்ப ரேகை?" என்றார் ஈஸ்வரபாண்டி.

ஜெபஷீலா படங்களை வரிசையாக வைத்தாள். "ஒரே ஆள் மூணு வருசம் விரல் வச்சா சாய்வு மாறும், அழுத்தம் மாறும். இங்க கடுகளவு குழிகூட அதே எடத்துல இருக்கு. இவரு பழைய பாட்டில் அரக்குல எம்-சீல் ஒட்டுமாவ அமுக்கி அண்ணன் விரல அச்செடுத்திருக்காரு. அச்சுல விழுந்த குமிழி மூணுலயும் பதிஞ்சிருச்சு. ரேகை பாத்தவுக இது அவரு விரலான்னு மட்டுந்தான் கேட்டாக. மூணும் ஏன் ஒண்ணுபோல இருக்குன்னு கேக்கல."

ஜெபஷீலா இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பினாள்.

"பெரியாத்து அணைத் தண்ணி ஊறுற ஊர்ல நிறைஞ்ச கிணத்த யார் சார் மூடுவாக? உயிரோட இருக்கிறவர யாரும் மண்ணுக்குள்ள தேடமாட்டாகன்னுதான் பாட்டில் வச்சாரு. ஆனா சீனியும் தண்ணியும் இல்லாம ரசம் செய்ய இவருக்குத் தெரியல. வெளியூர்க் கோயில்களுக்குக் கொண்டுபோனதுலயும் இதத்தான் கலந்து, இதே அச்ச வச்சு அடைச்சிருப்பாரு."

கிளாரா மெல்லத் தன் கணவனை விட்டு நகர்ந்து நின்றாள்.

"கலப்படத்த ஆயர்கிட்டச் சொல்லப்போறேன்னு அண்ணன் சொன்னாக," என்றான் ஜான் பீட்டர், தரையைப் பார்த்து. "தள்ளத்தான் செஞ்சேன். கிணத்துக்குள்ள இருந்து ரெண்டு தடவ என் பேரச் சொல்லிக் கூப்புட்டாக."

லூர்து மேரி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "கூப்பிட்டாகளா? நீ மண்ணள்ளிப் போட்டியா?"

ஈஸ்வரபாண்டி எழுந்து அவன் கையைப் பிடித்தார்.

மறுநாள் கொடியை வெட்டிவிட்டுத் தோண்டினார்கள். அதன் வேர்கள் ஞானமுத்துவின் விலா எலும்புகளைச் சுற்றிப் படர்ந்திருந்தன. வலது கை மேலே நீட்டியபடி இருந்தது.

இறந்தோர் பூசைக்கு முன்னால் லூர்து மேரி சாமியாரிடம் ஒன்றுதான் கேட்டாள். "மிச்சம் ஒரு பாட்டில் இருக்குல்ல? அவுக பூசைக்கு அவுக ரசத்தையே ஊத்துங்க சாமி."

பீடத்தில் அரக்கை உடைத்தார்கள். வதங்கிய பன்னீர்ப் பழத்தின் வாசம் கோயில் முழுக்கப் பரவியது. இரண்டரை வருஷமாக அழாதவள் அந்த வாசம் வந்ததும் வாய்விட்டு அழுதாள்.